கனவுக் கல்லூரியா, கட்டுப்படியாகும் கல்லூரியா? அமெரிக்காவில் எம்.டி. இடம், ஏப்ரல் 30 கெடு

கொன்றைப்பூ (கேள்வி)

வணக்கம். மகளுக்கு இரண்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. (அங்கே நான்கு வருட அடிப்படை மருத்துவப் பட்டம்) இடம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் 2026 ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும். ஏப்ரல் 30-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரிப் பெயர்களை எழுதவில்லை, எண்களை மட்டும் தருகிறேன்.

ஒன்று தனியார் கல்லூரி. அவளுடைய கனவே அதுதான். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கல்லூரி காட்டும் வருடச் செலவு 1,04,000 டாலர். உதவித்தொகை எதுவும் தரவில்லை. இன்னொன்று எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி. வருடத்துக்கு 62,000 டாலர், அதில் 15,000 ஸ்காலர்ஷிப்பாகக் கழிந்துவிடும். எங்களால் வருடத்துக்கு 20,000 கொடுக்க முடியும். அதற்கு மேல் கொடுத்தால் சின்னவளின் படிப்பில் கை வைக்க வேண்டிவரும்.

மகள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள். இளநிலைப் படிப்புக்கான கடன் இல்லை. எந்தத் துறை என்று இன்னும் முடிவில்லை; ஒரு வாரம் குழந்தை மருத்துவம் என்கிறாள், அடுத்த வாரம் எலும்பு அறுவை என்கிறாள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "டாக்டராகிவிட்டால் அடைத்துவிடலாம், பிள்ளை ஆசையைக் கெடுக்காதே" என்கிறார்கள். ஃபெடரல் (மத்திய அரசு) கடன் விதிகள் இந்த ஆண்டு மாறுகின்றன என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் கணக்கில் அது எந்த இடத்தில் இடிக்கும்? கல்லூரியின் பெயர் ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் சம்பளத்தோடு எடுக்கும் துறைப் பயிற்சி) உண்மையில் எவ்வளவு உதவும்?

வட்டிக்கணக்கு வாத்தியார்

அக்கா, உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது 2025 வரை ஓரளவு பொருந்திய கணக்கு. அப்போது கிராட் பிளஸ் என்றொரு ஃபெடரல் கடன் இருந்தது. கல்லூரி காட்டும் மொத்தச் செலவு வரை வாங்கலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு அது கிடையாது. உங்கள் மகள் ஆகஸ்டில் சேருவதால் புது விதிதான். எம்.டி. மாதிரியான தொழிற்படிப்புக்கு ஃபெடரல் நேரடிக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. அதோடு சரி. மீதி வேண்டுமென்றால் தனியார் வங்கிக் கடன்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

மாநிலக் கல்லூரி: 62,000-ல் 15,000 ஸ்காலர்ஷிப், 20,000 நீங்கள். மீதி 27,000. நான்கு வருடத்துக்கு 1,08,000. எல்லாமே ஃபெடரல் வரம்புக்குள் அடங்கிவிடும்.

தனியார்: 1,04,000-ல் உங்கள் 20,000 போக 84,000. அதில் 50,000 ஃபெடரல், 34,000 தனியார் கடன். நான்கு வருடத்தில் 2,00,000 ஃபெடரல், 1,36,000 தனியார் கடன்.

2025-26-க்கு இந்த ஃபெடரல் கடனின் வட்டி 7.94 சதவீதம். ஒவ்வொரு ஆண்டும் புதுக் கடனுக்குப் புது வட்டி வரும், ஆனால் வாங்கிய கடனின் வட்டி மாறாது. கணக்குக்கு 8 என்றே வைத்துக்கொள்கிறேன். படிக்கும்போதே வட்டி ஏறும், தனிவட்டியாக. முதல் வருடக் கடனுக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, இப்படியே கூட்டினால் வருடக் கடனில் 80 சதவீதம் வட்டியாகச் சேரும். மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கும் அன்று 1,29,600 டாலர். தனியாரில் ஃபெடரல் மட்டும் 2,40,000. (பணம் செமஸ்டருக்குப் பாதியாக வருவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும்.)

தனியார் கடனுக்கு 9 சதவீதம் வைத்தால் 1,36,000 என்பது பட்டமளிப்பு அன்று 1,66,600. மூன்று வருட ரெசிடென்சியில் தவணை கட்டாமல் தள்ளிப்போட்டால் ஏறக்குறைய 2,11,600. அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 2,680 டாலர். கூட்டிப் பாருங்கள்: வாங்கியது 1.36 லட்சம், கட்டுவது 3.2 லட்சம்.

இது செலவு ஏறவே ஏறாது என்று வைத்துப் போட்ட கணக்கு. வருடத்துக்கு 4 சதவீதம் ஏறினால் நான்கு வருடத்தில் இன்னும் 25,600 டாலர் வேண்டும். ஃபெடரல் வரம்பு அப்படியே நிற்பதால் அந்த ஏற்றம் முழுவதும் தனியார் கடன் தலையில்தான் விழும். மாநிலக் கல்லூரியின் 15,000 மட்டும் ஏறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாலர் தொகையாக எழுதியிருந்தால் ஏறாது. கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் கூடவே ஏறும்.

தேன்கூடு

வாத்தியார் சார் சொன்னது சரி. ஆனால் ரெசிடென்சிக் காலத்தை அவர் தனியார் கடனுக்கு மட்டும் போட்டார். ஃபெடரல் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி தெரியும்.

2026 ஜூலை முதல் 'ராப்' என்ற திருப்பிச் செலுத்தும் திட்டம் வருகிறது. தவணை கடன் தொகையைப் பார்த்து வராது, வருமானத்தைப் பார்த்து வரும். வருட வருமானம் 10,000-க்குள் என்றால் மாதம் 10 டாலர். பிறகு ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு சதவீதம் ஏறி, ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதத்தில் நிற்கும். 65,000 டாலர் சம்பளம் வாங்கும் ரெசிடென்ட்டுக்கு 6 சதவீதம், அதாவது மாதம் 325. தவணையை நாள் தவறாமல் கட்டினால், அது போக மிச்சமுள்ள வட்டி தள்ளுபடியாகிவிடும். 2,00,000 கடனுக்கு மாத வட்டி சுமார் 1,333; கட்டுவது 325; மிச்சம் ஆயிரம் டாலரை அரசே விட்டுவிடுகிறது. ஆக ரெசிடென்சியில் ஃபெடரல் கடன் வளராது. தனியார் கடன் வளரும். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி, பி.எஸ்.எல்.எஃப். அரசு நிறுவனத்திலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ முழுநேர வேலை, தகுதியான 120 மாதத் தவணை. மீதி தள்ளுபடி, அதற்கு ஃபெடரல் வருமான வரியும் இல்லை. போதனா மருத்துவமனைகளில் பெரும்பாலானவை இந்த வகை என்பதால் ரெசிடென்சி மாதங்களும் எண்ணிக்கையில் சேரும்.

மகள் குழந்தை மருத்துவராகி, மூன்று வருட ரெசிடென்சிக்குப் பிறகு அப்படியொரு மருத்துவமனையில் வருடம் 2,20,000 வாங்குகிறாள் என்று வையுங்கள். ராப்பில் 10 சதவீதம், வருடத்துக்கு 22,000. ஏழு வருடத்தில் 1,54,000. மாநிலக் கல்லூரியில் படித்திருந்தால் அந்தத் தவணைகளிலேயே கடன் கரைந்து, கடைசியில் சுமார் 22,000 தள்ளுபடியாகும். தனியாரில் படித்திருந்தால் அவள் கட்டுவதும் அதே 1,54,000. தள்ளுபடியாவது இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அதாவது பி.எஸ்.எல்.எஃப் பாதையில் போனால், வருடத்துக்கு 27,000 ஃபெடரல் கடன் வாங்கினாலும் 50,000 வாங்கினாலும் மகளின் கையிலிருந்து போவது ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு கல்லூரிக்கும் நடுவில் நிற்பது 34,000 டாலர் தனியார் கடன் மட்டும். அதற்கு ராப் கிடையாது, தள்ளுபடி கிடையாது. கொன்றைப்பூ அம்மா, "தனியார் கல்லூரிக்குப் போகலாமா" என்று கேட்பதை விட, "அந்த 34,000-ஐ எவ்வளவு குறைக்க முடியும்" என்று கேளுங்கள். ஏப்ரல் 30-க்குள் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

வட்டிக்கணக்கு வாத்தியார்

தேன்கூடு சொன்னதை ஏற்கிறேன், ராப் வட்டித் தள்ளுபடியை நான் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் பி.எஸ்.எல்.எஃப்-ஐ நம்பி வீடு கட்டுவதற்கு முன் மூன்று விஷயம்.

முதலாவது, எலும்பு அறுவை. ரெசிடென்சி ஐந்து வருடம், அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு வருட ஃபெல்லோஷிப் (உட்பிரிவுப் பயிற்சி). ஆறு வருடம் எண்ணிக்கையில் சேர்வது நல்லதுதான். ஆனால் அந்தத் துறையில் நிறையப் பேர் லாப நோக்குள்ள தனியார் குழுக்களில் சேருகிறார்கள். அங்கே போன மாதத்தோடு எண்ணிக்கை நின்றுவிடும். நான்கு வருடம் பாக்கி இருக்கும்போது இரண்டு மடங்கு சம்பளத்தில் வேலை வந்தால் யார் காத்திருப்பார்கள்? அப்போது ஃபெடரல் 2.4 லட்சத்தையும் முழுசாகக் கட்ட வேண்டும். பத்து வருடக் கணக்கில் தனியார் கல்லூரிக்கு ஃபெடரல் தவணை 2,910, மாநிலக் கல்லூரிக்கு 1,570. தனியார் கடனின் 2,680-ஐயும் சேர்த்தால் மாதத்துக்கு 4,000 டாலர் வித்தியாசம். எலும்பு அறுவைச் சம்பளத்தில் தாங்கும். குழந்தை மருத்துவச் சம்பளத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

இரண்டாவது, திருமணம். கூட்டாக வரித்தாக்கல் செய்தால் ராப் இருவர் வருமானத்தையும் பார்க்கும். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் அவளுடையதை மட்டும் பார்க்கும், ஆனால் வேறு வரிச் சலுகைகள் போகும். ராப் தவணைக்கு உச்சவரம்பும் கிடையாது.

மூன்றாவது, யாருமே கணக்கில் எடுக்காதது: ஐந்தாவது வருடம். ஆராய்ச்சிக்கு ஒரு வருடம் எடுப்பது, பரீட்சை தவறி ஒரு வருடம் திரும்பப் படிப்பது, உடல்நலத்துக்கு விடுப்பு. எலும்பு அறுவை மாதிரிப் போட்டி அதிகமான துறைக்கு ஆராய்ச்சி வருடம் எடுப்பவர்கள் உண்டு. தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 50,000 வாங்கினால் நான்காம் ஆண்டோடு ஃபெடரல் 2,00,000 தீர்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுக்கு ஃபெடரல் பணம் ஒரு டாலர்கூட இல்லை. மாநிலக் கல்லூரியில் 92,000 டாலர் வரம்பு மிச்சம் இருக்கும். என்னைக் கேட்டால், வட்டி வித்தியாசத்தை விட இது பெரிய வித்தியாசம்.

இரவுப்பணி

பணக் கணக்கு மேலே நன்றாக வந்துவிட்டது. ரெசிடென்சி பக்கம் எழுதுகிறேன்.

மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான். அதனால் சாதாரணக் கல்லூரியில் படித்தவர் ஸ்டெப் 1-ல் உயர்ந்த மதிப்பெண் எடுத்துத் தன்னைக் காட்டும் வழி போய்விட்டது. பாரம் முழுவதும் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண், மூன்றாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியான கிளர்க்‌ஷிப் கிரேடு, சிபாரிசுக் கடிதம், ஆராய்ச்சி ஆகியவற்றின் மேல் ஏறியிருக்கிறது. கல்லூரிப் பெயரின் எடையும் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் "பெயர்" என்று சொல்வதில் பாதி உண்மையில் துறை. அந்தக் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் எலும்பு அறுவை ரெசிடென்சி இருக்கிறதா? இருந்தால் மகளை இரண்டாம் ஆண்டிலிருந்தே அறிந்த பேராசிரியர் கடிதம் எழுதுவார், ஆய்வில் சேர்த்துக்கொள்வார், வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குப் போன் போடுவார். இல்லையென்றால் நான்காம் ஆண்டில் வெளியூர் மருத்துவமனைகளில் சில வாரம் பணிபுரியும் ரொட்டேஷன்களில் முகம் காட்டித்தான் கடிதம் வாங்க வேண்டும். அதற்கு வாடகை, பயணம், செலவு.

ஆகவே மாநிலக் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தரவரிசை எண் அல்ல. எலும்பு அறுவை, தோல், நரம்பு அறுவை, காது-மூக்கு-தொண்டை ஆகியவற்றில் சொந்த ரெசிடென்சி எதெதில் உண்டு என்பதுதான். குழந்தை மருத்துவம், உள்மருத்துவம், குடும்ப மருத்துவம், மனநல மருத்துவம் என்றால் முழு அங்கீகாரம் பெற்ற எந்த மாநிலக் கல்லூரியிலிருந்தும் நல்ல இடத்துக்குப் போகலாம். அதற்காக மாதம் 4,000 கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மருத்துவ விஞ்ஞானியாக ஆய்வுக்கூடம் நடத்தும் ஆசை இருந்தால் தனியார் கல்லூரியின் தட்டு கொஞ்சம் தாழும்.

மேட்ச் பட்டியலை (எந்த மாணவருக்கு எந்த ரெசிடென்சி கிடைத்தது என்ற பட்டியல்) எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பெற்றோர் ஏமாறுவது. பளபளப்பான மருத்துவமனைப் பெயர்களைத் தேடாதீர்கள். அங்கே 'பிரிலிமினரி' என்று மட்டும் போட்டு அடுத்த வருட இடம் எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்; அவர்களில் சிலருக்கு ஒரு வருட இடம் மட்டுமே கிடைத்திருக்கும். பட்டம் பெற்றவர் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு வருடப் பட்டியல் போதாது, மூன்று வருடம் வேண்டும். எலும்பு அறுவையில் இரண்டு பேர்தான் போனார்கள் என்றால், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று மாணவர் விவகார அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு பேர் விண்ணப்பித்து இரண்டு பேருக்குக் கிடைத்திருந்தால் அது நல்ல கல்லூரி. பத்துப் பேர் விண்ணப்பித்து இரண்டு பேர் என்றால் வேறு கதை.

இதையும் மகளை விட்டு இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்: கிளர்க்‌ஷிப்பில் எத்தனை சதவீதம் பேருக்கு 'ஆனர்ஸ்' கிடைக்கிறது, வகுப்புத் தரவரிசை உண்டா, ஸ்டெப் தேர்வுக்குத் தனியாக எத்தனை வாரம் ஒதுக்குகிறார்கள், ரொட்டேஷன் மருத்துவமனைகள் எவ்வளவு தூரம். இந்தக் கடைசிக் கேள்வி பணக் கேள்வியும்தான். நாற்பது மைல் தள்ளி விடியற்காலை ஐந்து மணிக்கு ரவுண்ட்ஸ் என்றால் கார் வேண்டும்.

தேன்கூடு

34,000-ஐக் குறைக்கும் வழிக்கு வருகிறேன்.

முதலில் மகளின் பெயரில் கல்லூரியில் எந்தெந்தப் படிவம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஃபெடரல் நிதி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா கணக்கில் மருத்துவ மாணவர்கள் தனித்து நிற்பவர்கள். பெற்றோர் விவரம் இல்லாமலே ஃபெடரல் கடன் வரும். ஆனால் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவிக்குப் பல தனியார் கல்லூரிகள் பெற்றோர் வருமானத்தைக் கேட்கும், சில இடங்களில் சி.எஸ்.எஸ் புரொஃபைல் என்ற தனிப் படிவத்தில். அதை விட்டுவிட்டால் "உதவி இல்லை" என்று வரும். அது மறுப்பு அல்ல, கோப்பு முழுமையாகவில்லை என்றுதான் அர்த்தம். நிறையப் பேர் இதிலேயே கோட்டை விடுகிறார்கள்.

கோப்பு சரியாக இருந்தால் மேல்முறையீட்டுக் கடிதம். நிதி உதவி அலுவலகத்துக்கு மகள் எழுத வேண்டும், நீங்கள் அல்ல. ஒரு பக்கம் போதும். இந்தக் கல்லூரிக்கு ஏன் வர விரும்புகிறாள் என்று இரண்டு வரி; மாநிலக் கல்லூரியின் அவார்டு லெட்டர் (உதவித்தொகைக் கடிதம்) இணைப்பு; புது விதியின்படி 50,000-க்கு மேல் தனியார் கடன்தான் என்ற நிலை; குடும்ப நிலையில் அவர்கள் படிவத்தில் தெரியாதது ஏதாவது, அதாவது சின்னவளின் கல்லூரிக் கட்டணம், வேலை மாற்றம், பெரியவர்களின் மருத்துவச் செலவு. கடைசியில் ஓர் எண். "உதவ முடியுமா" என்று எழுதினால் அனுதாபம்தான் திரும்பி வரும். "வருடத்துக்கு 20,000 உதவி கிடைத்தால் என்னால் சேர முடியும்" என்று எழுதினால் அவர்கள் மேசையில் அது ஒரு முடிவாகப் போய் நிற்கும். கிடைக்கும் தொகை நான்கு வருடமும் தொடருமா, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடம் மட்டும் இனிப்பாக இருக்கும் கடிதங்கள் உண்டு.

அடுத்தது, அந்த 1,04,000-ஐயே பிரித்துப் பாருங்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு அதில் இருக்கும். 26 வயது வரை உங்கள் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்பதால் விலக்குப் படிவம் கொடுத்தால் சில ஆயிரம் டாலர் கழியும். ஆனால் உங்கள் திட்டம் அந்த ஊர் மருத்துவமனைகளை ஏற்குமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், கெடு தாண்டினால் தானாகவே கட்டணம் விழுந்துவிடும். வாடகை ஒருவர் தனியாக இருப்பதாகப் போடப்பட்டிருக்கலாம். இருவர் பகிர்ந்தால் குறையும்.

என் கணிப்பில் கோடு இங்கே: எல்லாம் கழித்துத் தனியார் கடன் வருடத்துக்கு 10,000-க்குள் வந்தால் தனியார் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம். நான்கு வருடத்தில் 40,000, வாத்தியார் போட்ட விகிதத்தில் கட்டி முடிக்கும்போது சுமார் 95,000. கனவுக்கு அது ஒரு விலை, கொடுக்கலாம். 20,000-க்கு மேலேயே நின்றால் மாநிலக் கல்லூரிதான்.

அயலூர் அண்ணன்

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஹெச்-4 (பெற்றோரைச் சார்ந்த விசா) அல்லது எஃப்-1 (மாணவர் விசா) விசாவில் இருந்தால் மேலே உள்ள ஃபெடரல் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்தக் கடன் குடியுரிமை, பச்சை அட்டை மற்றும் வேறு சில தகுதியுள்ள பிரிவினருக்குத்தான். தனியார் கடனுக்கும் பெரும்பாலும் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள ஒருவர் கோ-சைன் (கடனுக்குப் பொறுப்பேற்கும் கூட்டுக் கையெழுத்து) போட வேண்டும். சில கல்லூரிகள் ஒன்று முதல் நான்கு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும்.

கட்டணமே இல்லாத கல்லூரிகள் பற்றியும் சிலர் கேட்பார்கள். நியூயார்க்கில் என்.ஒய்.யு. கிராஸ்மன் 2018 முதலும், ஐன்ஸ்டீன் கல்லூரி 2024-ல் ரூத் காட்டெஸ்மன் கொடுத்த நூறு கோடி டாலருக்குப் பிறகும் எல்லோருக்கும் கட்டணம் வாங்குவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குடும்ப வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் கட்டணம் இல்லை. இடம் கிடைத்த பிறகு இதைப் பேசிப் பயனில்லை, அடுத்த வருடம் விண்ணப்பிப்பவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கொன்றைப்பூ

எல்லோருக்கும் நன்றி. சி.எஸ்.எஸ் படிவம் எங்கள் பக்கம் முடிக்கப்படாமல் கிடந்தது, இன்று இரவு அனுப்புகிறோம். இரண்டு சந்தேகம். வீட்டின் மேல் கடன் வாங்கினால் வட்டி தனியார் மாணவர் கடனை விடக் குறைவு என்கிறார் என் கணவர். ஓய்வூதியக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம் என்கிறார். ராணுவ ஸ்காலர்ஷிப் பற்றியும் ஒருவர் சொன்னார், முழுக் கட்டணமும் வருமாமே?

வட்டிக்கணக்கு வாத்தியார்

வீட்டுக் கடன் வேண்டாம் அக்கா. வட்டி குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மகளின் கடன் உங்கள் வீட்டின் மேல் வந்து உட்காரும், அவளுக்கு வேலை கிடைப்பதற்கு ஏழு வருடம் முன்பே உங்கள் தவணை தொடங்கிவிடும். ஃபெடரல் கடனில் கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ கடன் நீங்கும். வீட்டுக் கடனில் அப்படி எதுவும் இல்லை. 401(கே) என்ற ஓய்வூதியக் கணக்கிலிருந்து கடன் எடுத்தால் பொதுவாக உச்சம் 50,000 அல்லது உங்களுக்கு உரிமையான தொகையில் பாதி, எது குறைவோ அது. சாதாரணமாக ஐந்து வருடத்தில் திரும்பக் கட்ட வேண்டும். ஒன்றரை வருடப் பற்றாக்குறைக்குக்கூட வராது.

கோ-சைன் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: ரெசிடென்சி முழுக்கத் தவணைத் தள்ளிவைப்பு உண்டா (சிலவற்றில் 36 மாதம்தான், எலும்பு அறுவைக்கு 60 வேண்டும்), எத்தனை தவணைக்குப் பிறகு கோ-சைன் போட்டவரை விடுவிப்பார்கள், வட்டி எப்போது அசலோடு சேரும். ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள்: பிற்காலத்தில் "வட்டி குறைக்கிறோம், எல்லாக் கடனையும் எங்களிடம் மாற்றுங்கள்" என்று கடிதம் வரும். ஃபெடரல் கடனை அப்படி மாற்றிய நாளோடு ராப், பி.எஸ்.எல்.எஃப் இரண்டும் போய்விடும். திரும்பி வர வழியில்லை.

இரவுப்பணி

ராணுவ ஸ்காலர்ஷிப்பில் கட்டணம் முழுதும் வரும், மாதாமாதம் கைச்செலவுக்கும் வரும். நான்கு வருடம் வாங்கினால் நான்கு வருடம் பணி; ரெசிடென்சி வருடங்கள் பொதுவாக அந்தப் பணி வருடங்களில் சேராது. எந்தத் துறையில் எத்தனை இடம் என்பதையும் ராணுவத்தின் தேவைதான் தீர்மானிக்கும். சீருடை போடும் விருப்பம் முன்பே இருந்தவர்களுக்கு அருமையான வழி. பணத்துக்காக மட்டும் போவது வேண்டாம். தேசியச் சுகாதாரச் சேவைப் படையின் ஸ்காலர்ஷிப்பும் உண்டு, ஆனால் அது முதல்நிலை மருத்துவத் துறைகளுக்கு மட்டும். எலும்பு அறுவை அதில் வராது. வாங்கிய பிறகு மனம் மாறினால் அபராதம் கடுமை.

தேன்கூடு

தேதிகளை மட்டும் சொல்லி விடுகிறேன். ஏப்ரல் 15 வாக்கில் கையில் மூன்று இடங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டுதான், கவலையில்லை. ஏப்ரல் 30-க்குள் ஆம்காஸ் (AMCAS) என்ற மருத்துவக் கல்லூரி விண்ணப்பத் தளத்தில் ஒன்றை 'பிளான் டு என்ரோல்' என்று குறிக்க வேண்டும். இதைக் குறித்தாலும் வேறு கல்லூரிகளின் காத்திருப்புப் பட்டியலில் நீடிக்கலாம். 'கமிட் டு என்ரோல்' வேறு; அதை அழுத்தினால் மற்ற எல்லா இடத்தையும் பட்டியலையும் விட்டதாக அர்த்தம், அதற்கு ஒவ்வொரு கல்லூரியும் தனிக் கெடு வைக்கும். மேல்முறையீட்டுக்குப் பதில் வரும் முன் பதற்றத்தில் இதை அழுத்தி விடாதீர்கள்.

படிவம் இன்று இரவு போனால், நாளை காலை மகள் நிதி உதவி அலுவலகத்துக்குப் போன் செய்து "கோப்பு முழுமையாகிவிட்டதா, மேல்முறையீட்டை இப்போது அனுப்பலாமா, பதில் 30-க்கு முன் வருமா" என்று கேட்கட்டும். வராது என்றால் சேர்க்கை அலுவலகத்திடம் ஒரு வார அவகாசம் கேட்டு மின்னஞ்சல், 25-ம் தேதிக்கு முன்னாலேயே. மாநிலக் கல்லூரியின் முன்பணத்தை இடையில் திரும்பப் பெற்றுவிடாதீர்கள்.